தலைக்கு ரசீது: மதத்தை மேடையில் சிரித்துக்கொண்டே கேள்வி கேட்பது எப்படி

என் அப்பா தெருக்கூத்தில் கட்டியக்காரன், அதாவது கோமாளி, வேடம் கட்டியவர். பாப்பாரப்பட்டி, பென்னாகரம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம் நடக்கும், இரவில் கூத்து விடிய விடிய நடக்கும். ராஜா வருவதற்கு முன்னால் திரைக்கு முன்னே வந்து நிற்பவர் அப்பாதான். தருமராஜா சபைக்கு வந்ததும், "பொண்டாட்டிய சூதாட்டத்துல வெச்சவன் பேரு தருமன்னா, எங்க ஊரு சீட்டாடற பசங்க எல்லாரும் மகாதருமனுங்க சாமி" என்பார். கோயில் வாசலில், அம்மன் சன்னதியைப் பார்த்து நின்றுகொண்டுதான் அதைச் சொல்வார். பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். விடிந்ததும் அதே கிழவிகள் அப்பாவுக்கு வெற்றிலை பாக்கோடு பத்து ரூபாய் வைத்துக் கொடுப்பார்கள்.

அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். தம்பிக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் பஸ் ஏறி பெங்களூரு போய், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக் நகைச்சுவை மேடையில் ஐந்து நிமிடம் பேசுவான். நாலு வருடமாக அவன் பேசுவதைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அதில் மதத்தைத் தொடும் பிட், அதாவது நகைச்சுவைத் துண்டு, ஒன்றே ஒன்றுதான். அது மேடையில் நிற்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் கற்றதை, இதே முயற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாமி கும்பிடுகிறவள். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கு ஏற்றுகிறவள். கோயிலை எனக்குப் பிடிக்கும் என்பதால்தான் கோயிலின் பெயரால் நடக்கும் அநியாயம் எனக்கு வலிக்கிறது. நம்பிக்கை இல்லாதவரும் இதே வேலையைச் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். எங்கிருந்து பேசுகிறோம் என்பது நமக்கே தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிரிப்பு ஒரு ஒப்புதல்

பட்டிமன்றத்தில் பேசுகிறவர் காரணங்களை அடுக்கி, முடிவையும் தானே சொல்லிவிடுவார். நகைச்சுவை மேடையில் முடிவைப் பேசுகிறவர் சொல்லக் கூடாது. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்த வேண்டும். நடுவில் இருக்கும் பள்ளத்தைக் கேட்பவர் தானே தாண்டுவார். தாண்டிய அந்த நொடியில் சிரிப்பு வரும். அதாவது, நாம் சொல்லாமல் விட்டதை அவர் மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டார். "நீ சொல்றது சரி" என்று கையைத் தூக்கத் தயங்குகிற ஆள்கூட சிரித்துவிடுவார். சிரித்த பிறகு மறுப்பது கஷ்டம், ஏனென்றால் முடிவுக்கு வந்தது அவரேதான்.

சித்தர் பாட்டில் இந்த உத்தி பழையது. நட்ட கல்லுக்குப் பூச்சாத்திச் சுற்றிவரும் வழிபாட்டைச் சிவவாக்கியர் கேள்வி கேட்கிறார்: "சுட்ட சட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ?" அறியாது என்று அவர் சொல்லவில்லை. சட்டியும் சட்டுவமும் கேட்பவரின் அடுப்பங்கரையில் இருப்பவை. பதிலும் அவர் அடுப்பங்கரையிலிருந்தே வந்துவிடுகிறது.

எழுதுவதற்கு முன் கேளுங்கள்

முதல் ஒரு மாதம் தம்பியை நான் எழுத விடவில்லை. மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து கேட்டோம். அமெரிக்காவில் நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் 1999-ல் மேடையில் மதத்தைப் பற்றிப் பேசியது உலகம் முழுக்கத் தெரிந்தது. அதன் எலும்புக்கூட்டை என் வார்த்தையில் சொல்கிறேன். வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் இருக்கிறார். நீ செய்வதையெல்லாம் நாள் முழுக்கப் பார்க்கிறார். செய்யக் கூடாதவை என்று பத்து வைத்திருக்கிறார். மீறினால் நெருப்பும் புகையும் வேதனையும், முடிவே இல்லாமல். ஆனால் அவருக்கு உன்மேல் அன்பு. அடுத்து, அவருக்குப் பணம் வேண்டும்.

பென்சிலை வைத்துக் குறித்துப் பாருங்கள். கடவுள், கட்டளை, நரகம் என்ற பழகிய பெயர்களை எடுத்துவிட்டு, முதல் முறை பார்ப்பவர் சொல்வதுபோல் வெறும் சொற்களில் சொல்கிறார். பழகிய பெயர் போனதும் பழகிய மரியாதையும் கொஞ்சம் விலகிப்போகிறது. பிறகு தண்டனைகளை ஏணிப்படி மாதிரி ஏற்றிக்கொண்டே போகிறார். உச்சியில் சட்டென்று 'அன்பு' வருகிறது. இது முரண் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அரங்கம்தான் கண்டுபிடிக்கிறது. எல்லோரும் சிரித்து ஓய்வதற்குள் பணம் வருகிறது. இன்னொரு இடத்தில், கடவுளிடம் வேண்டியதும் நடிகர் ஜோ பெஸ்கியிடம் வேண்டியதும் ஏறக்குறைய ஒரே அளவு, பாதிக்குப் பாதிதான் பலித்தது என்கிறார். வேண்டுதலை ஒரு சோதனையாக மாற்றி, இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுக் காட்டும் தர்க்கம் அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பேச்சு பக்தியின் மிக எளிய வடிவத்தை எடுத்துக்கொண்டு அதற்குத்தான் பதில் சொல்கிறது. என் அம்மா காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று கிழக்கே பார்த்துக் கும்பிடுவதில் பத்துக் கட்டளையும் இல்லை, நெருப்பும் இல்லை. அவள் பக்தியை அந்தச் சிரிப்பு தொடவே இல்லை. நன்றாகச் சொன்னார் என்பதும் சரியாகச் சொன்னார் என்பதும் வேறு வேறு. கைதட்டல் நடுவில் இது மறந்துபோகும்.

ஆகவே எந்தப் பிட்டைக் கேட்டாலும் ஒரு வேலை செய்யுங்கள். சிரிப்பை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, மீதியை ஒரே ஒரு சாதாரண வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் நின்று நேராகச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் சிரிப்பு ஓட்டையை மூடியிருக்கிறது என்று அர்த்தம். தம்பியின் பழைய வரி ஒன்று: "உண்டியல்ல போடற காசு எல்லாம் பூசாரி வீட்டுக்குத்தான் போவுது." நல்ல சிரிப்பு வந்தது. உருவிப் பார்த்தோம். எங்கள் ஊர்ப் பூசாரி தட்டில் விழும் காசை நம்பி வாழ்கிறவர். வீடு ஓட்டு வீடு, மகளுக்குக் கல்லூரிக் கடன். பொய். அன்றைக்கே அந்த வரியை அடித்தேன். தம்பிக்கு என்மேல் ரெண்டு நாள் கோபம்.

எந்த இடத்தில் நிற்கிறீர்கள்

கட்டியக்காரன் தருமராஜாவையே கேலி செய்யலாம். ஏன்? கூத்துக்கு முன்னால் அவனும் விரதம் இருந்தவன், அவனும் அந்தக் கோயிலின் ஆள். துகில் உரியும் இரவில் அப்பா குழுவில் துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் காட்டுவார். அந்தக் கட்டம் முடியும் வரை அப்பா வாயே திறக்க மாட்டார். எங்கே பேசக் கூடாது என்று தெரிந்தவன் என்பதால்தான் மற்ற நேரத்தில் அவனைப் பேச விட்டார்கள். கார்லினும், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தேவாலயத்தைக் கிண்டல் செய்த அயர்லாந்துக்காரர் டேவ் ஆலனும் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள். தாங்கள் பட்டதைப் பேசினார்கள்.

நம் மாவட்டங்களுக்கு இதை அப்படியே பொருத்துங்கள். எலத்தகிரியிலிருந்து வரும் நண்பன் தன் பங்குச் சாமியாரைப் பற்றிப் பேசட்டும். கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பையன் தன் வீட்டு ரம்ஜான் கதையைச் சொல்லட்டும். அந்தக் கதைகளை என் தம்பி சொன்னால் அதே சொற்கள் வேறு பொருளாகிவிடும், அது அடுத்த வீட்டு வாசலில் குப்பை கொட்டுவது. சொந்த மதம், சொந்த ஊர், முடிந்தால் சொந்த வீடு. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஒரே பிட், மூன்று வரைவு

நடந்தது இதுதான். அப்பா இறந்த பிறகு எங்கள் ஊர்ப் பண்டிகைக்கு அம்மாவிடம் தலைக்கட்டு வரி வாங்கினார்கள். ஒரு குடும்பத்தை ஒரு தலைக்கட்டு என்று கணக்கு வைத்து வசூலிக்கும் கோயில் வரி அது. வாங்கி ரசீதும் கொடுத்தார்கள். பண்டிகை அன்று அம்மா மாவிளக்குத் தட்டோடு வரிசையில் நின்றபோது, தாலி இல்லாதவள் முன்னால் வரக் கூடாது என்று ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் தட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள்.

தம்பியின் முதல் வரைவு முழுக்கக் கோபம். "பெண்களை அடிமையாக வைத்திருப்பதுதான் இவர்களுடைய பக்தி" என்று ஆரம்பித்தான். அதில் தவறு இல்லை. ஆனால் முடிவு முதல் வரியிலேயே வந்துவிட்டது. கேட்பவருக்குச் செய்ய வேலை இல்லை. ஒப்புக்கொள்கிறவர்கள் தலையாட்டினார்கள், ஒப்புக்கொள்ளாதவர்கள் போனை எடுத்தார்கள். ஒருவர்கூட சிரிக்கவில்லை.

இரண்டாவது வரைவில் வரி வாங்க வந்த பெரியவரை நடித்துக் காட்டினான். வேட்டியை மடித்துக் கட்டுவது, எங்கள் பக்கத்துப் பேச்சை இழுப்பது, மூக்குப்பொடி. அரங்கம் அதிர்ந்தது. அன்றைக்கு நானும் போயிருந்தேன். அவர்கள் சிரித்தது அநியாயத்தைப் பார்த்து அல்ல. கிராமத்து ஆள் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் தாத்தா பேசிய பேச்சு அது. திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டும்வரை நான் தம்பியோடு பேசவில்லை. அப்புறம், "டேய், உன் அம்மாவுக்காகப் பேசப் போயி உன் தாத்தாவ வித்துட்டு வந்திருக்க" என்றேன். அழுதுவிட்டான். சிரிப்பு எவ்வளவு வந்தது என்று எண்ணுவதோடு, யாரை நோக்கி வந்தது என்று பார்க்கக் கற்றது அந்த பஸ்ஸில்தான்.

மூன்றாவது வரைவுக்கு நான் வகுப்பில் நடத்தும் பாடத்திலிருந்து ஒன்று கிடைத்தது. வஞ்சப்புகழ்ச்சி அணி: புகழ்வது போலப் பழித்தல், பழிப்பது போலப் புகழ்தல். காளமேகப் புலவர் சிவனையும் திருமாலையும் திட்டுவது போலப் பாடிய பாட்டெல்லாம் கேட்கும்போது ஏச்சு, உள்ளே போனால் துதி. எங்கள் கதையில் அது தலைகீழாக இருந்தது. அம்மாவிடம் வரி வாங்கும்போது அவர்கள் சொன்ன வார்த்தை புகழ்ச்சி. அதை அப்படியே, குரலைக்கூட மாற்றாமல் வைத்தோம்:

"அப்பா போனப்புறம் வரி கேட்டு வந்தாங்க. எங்கம்மா கேட்டாங்க, 'நான் ஒருத்திதானே இருக்கேன், நானும் தலைக்கட்டா?' 'என்னம்மா இப்படிக் கேட்டுட்ட! நீயும் ஒரு தலைக்கட்டுதான்!' எங்கம்மாவுக்குப் பெருமை தாங்கல. அறுவது வயசுல மொத தடவையா அவங்களையும் ஒரு தலைன்னு ஒத்துகிட்டாங்க. ரெண்டாயிரம் ரூபா. ரசீதப் பெட்டியில வெச்சுப் பூட்டினாங்க. பண்டிகைக்கு மாவிளக்கு எடுத்துகிட்டுப் போனாங்க. 'நீ முன்னால வரக் கூடாதும்மா.' அம்மா ரசீத எடுத்துக் காட்டினாங்க. 'தலைக்கு ரசீது இருக்குதும்மா, தலையில பூ இல்லையே.'"

அம்மா உண்மையில் ரசீதைக் காட்டவில்லை. அது நாங்கள் சேர்த்தது. நடந்ததன் நியாயத்தை மாற்றாமல், உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவரும் சேர்க்கை என்பதால் அம்மாவிடம் கேட்டுவிட்டு வைத்தோம். ரசீது, வரி, வார்த்தை எல்லாம் நடந்தவை.

இது நன்றாகவே போனது. ஆனால் எனக்கு இன்னும் ஒரு அடி பாக்கி இருப்பதாகத் தோன்றியது. பிட் இப்போது அநியாயத்தைக் காட்டுகிறது. ஊரில் இருக்கும் ஒருவர் "சம்பிரதாயம் அப்படி, என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுப் போக முடியும். அந்தக் கதவை எப்படி அடைப்பது? வெளியிலிருந்து சமத்துவம், சட்டம் என்று கொண்டுவந்தால் அவர் நகர மாட்டார். அவர் ஏற்கெனவே கைகூப்பி ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். வற்புறுத்தாமல் மனசை மாற்றும் பேச்சுக்கு எனக்குத் தெரிந்த வழிகளிலேயே பலமானது இதுதான்.

ஒரு நாள் ராத்திரி பாத்திரம் கழுவும்போது அப்பா கூத்து ஞாபகம் வந்தது. கோயிலுக்குள் நிற்கும் அம்மன் யார்? விரித்த கூந்தலோடு சபதம் போட்ட திரௌபதி. பாரதம் முடியும் படுகளத்தன்று, துரியோதனன் விழுந்த பிறகுதான் அவளுக்குக் கூந்தல் முடிந்து பூ வைப்பார்கள். ஊரே அதைப் பார்க்கத் திரண்டு நிற்கும். கைகூடக் கழுவாமல் தம்பிக்குப் போன் போட்டேன். கடைசி வரிகள் இப்படி ஆயின:

"உள்ள நிக்கிற அம்மா பதிமூணு வருஷம் தலையில பூ வெக்கல. அவளுக்குத் தேரு. எங்கம்மா மூணு வருஷமா வெக்கல. அவங்களுக்கு ரசீது."

இதில் மதத்தை எதிர்க்கும் சொல் ஒன்றுகூட இல்லை. அம்மன் நம் பக்கம் வந்துவிட்டாள். அம்மாவை ஓரம் கட்டியவர் இப்போது பதில் சொல்ல வேண்டியது தம்பிக்கு அல்ல, தான் கும்பிடும் அம்மனுக்கு. சிரிப்பை உருவிவிட்டு நோட்டில் எழுதினோம்: 'செலவில் சமமாகப் பங்கு கேட்கிறவர்கள் வழிபாட்டில் சமமாக இடம் தருவதில்லை. அந்த அம்மனின் கதையே இவர்களுக்கு எதிராக இருக்கிறது.' இதை நான் ஊர்க்கூட்டத்திலும் சொல்லுவேன்.

மேடையில்

"நீ முன்னால வரக் கூடாதும்மா" என்ற வரியை உரக்கச் சொல்லாதீர்கள். குரலை இறக்குங்கள். பிறகு மூச்சு இரண்டு விட்டு எடுக்கும் நேரம் சும்மா நில்லுங்கள். பழகாதவர்களுக்கு அந்த அமைதி பயத்தைக் கொடுக்கும், உடனே ஏதாவது ஜோக்கை எடுத்து அதில் போட்டு நிரப்பப் பார்ப்பார்கள். நிரப்பாதீர்கள். வலி உள்ளே இறங்க அந்த நேரம் வேண்டும். அதன் பிறகு வரும் ரசீது, இறுகி இருந்தவர்களை அவிழ்த்துவிடும்.

'தலை' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். தலைக்கட்டு, தலை, தலைக்கு, தலையில். நகைச்சுவை மேடையில் கால்பேக் என்பார்கள், முன்னால் விதைத்ததைப் பின்னால் அறுப்பது. கூத்தில் பாட்டின் பல்லவி திரும்பத் திரும்ப வருவதும் இதே வேலைதான். ஒரு பிட்டுக்கு ஒரு சொல் போதும். இரண்டாவது சொல்லை நுழைத்தால் இரண்டும் மங்கிவிடும்.

வடிவத்தையே கடன் வாங்குவது இன்னொரு வழி. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நந்தனார் கதாகாலட்சேபத்தின் நடையை எடுத்து 'கிந்தனார்' செய்தார். சிதம்பரம் போகத் துடித்த நந்தனின் இடத்தில், பட்டணம் போய்ப் படிக்கத் துடிக்கும் பையன். பக்தியின் ராகம் அப்படியே இருக்க, ஆசைப்படும் பொருள் மட்டும் மாறியது. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் லென்னி புரூஸ் 1950-களின் கடைசியில் அமெரிக்க மதத் தலைவர்களை ஒரு கம்பெனியின் விற்பனைக் கூட்டத்தில் உட்காரவைத்துப் பேசவைத்தார். தெரிந்த வடிவத்தில் தெரியாத பொருளை வைப்பது இரண்டுக்கும் பொது. தம்பிக்கு அடுத்ததாகக் கும்பாபிஷேக நோட்டீஸ் நடையில் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சட்டம்

இதைத் தெரியாமல் மேடை ஏறாதீர்கள். மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட, தீய நோக்கம் கொண்ட பேச்சுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. 1927-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்று சேர்த்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையில் 299 ஆக இருக்கிறது. ஜாமீனில் வரமுடியாத பிரிவு. நோக்கம் இருந்ததா என்பது நீதிமன்றத்தில்தான் முடிவாகும், கைது அதற்கு முன்பே நடந்துவிடலாம். நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதாகி, பிப்ரவரி 5-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். இது நியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் தம்பியிடம் இரண்டு விஷயம் கட்டாயப்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முழுப் பேச்சையும் தன் போனில் பதிவு செய்ய வேண்டும். முப்பது நொடி வெட்டி ரீல்ஸாகப் போடக் கூடாது. 'நீ முன்னால வரக் கூடாதும்மா' என்பது மட்டும் தனியாகச் சுற்றினால் அது யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது.

யாரிடம் சொல்லிப் பார்ப்பது

நண்பர்களிடம் சொல்லாதீர்கள், அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள். நாங்கள் முதலில் சொல்லிக் காட்டியது எங்கள் பெரியம்மாவுக்கு. வருடம் தவறாமல் தீமிதிக்கிறவர். "உள்ள நிக்கிற அம்மா பதிமூணு வருஷம் தலையில பூ வெக்கல" என்ற இடத்தில் அவர் சிரிக்கவில்லை, "ஆமாண்டா" என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அவர் முகம் சுளித்திருந்தால் அந்த வரியை எடுத்திருப்போம். பக்தி உள்ள ஒருவராவது ஆமாம் சொல்லாத பிட்டைத் தம்பி மேடைக்குக் கொண்டு போவதில்லை.

அம்மாவிடம்தான் கடைசியாகப் போனோம். போன பொங்கலுக்கு, வாசல் திண்ணையில். தம்பி நின்றுகொண்டு முழுவதும் பேசினான். அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. முடிந்ததும் எங்கள் இருவருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னாள்:

"ரெண்டாயிரம் இல்லடா. ரெண்டாயிரத்து ஐந்நூறு. கூட ஒரு படி அரிசி வாங்கிகினு போனாங்க, அத ஏன் உட்டுட்ட?"

அடுத்த சனிக்கிழமையே அரிசியைச் சேர்த்தான்.